சினைக் கிடேரியோடு போனவள்

ஓடவில்லை, நடந்துதான் போனாள். கட்டுத்தறியிலிருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போகிறவள், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, தெருவின் நட்டநடுவில், எல்லோரும் குழாயடியில் நிற்கையில் போவாளா? இதைத்தான் எதிர்வீட்டுத் தையற்காரியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? புருஷன்காரன் வாசல்ல நின்னு கத்தினானாம். இவ சினைக் கிடேரியைப் புடிச்சுக்கிட்டுப் போய்க்கிட்டே இருந்தாளாம். திரும்பிக்கூடப் பாக்கலையாமே?"

"பாத்தா. என்னைப் பாத்தா."

"அப்போ நீயும் உடந்தையா?"

"ஆமா உடந்தை. போ, இன்னும் நாலு பேருகிட்ட சொல்லு."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? மதியத்துக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. போகட்டும். என் மருமகள் காலையில் எதற்குப் போனாள் என்பதை நான் சொல்கிறேன். பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டும். இன்னும் போய்ச் சேர்ந்திருப்பாளா தெரியவில்லை. சேர்ந்தாலும் அங்கே என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

அவளைக் கன்னுக்காரி என்றால்தான் இந்தப் பக்கத்தில் தெரியும். அவள் அப்பா ஒரு பால் பண்ணையில் கறவைக்காரர். தொட்டிலில் கிடந்ததைவிட வைக்கோல் மேல் கிடந்ததுதான் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். என் மகன் கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பு போனபோது, வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். இவள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பண்ணைக்குப் போய், பிறந்து நாலு நாளான ஒரு கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இதை வளத்து என்ன பண்ணப்போற?" என்றேன்.

"விப்பேன் அத்தை. பண்ணைக்காரனுக்குப் பால்தான் கண்ணு, கன்னு குடிக்கிற ஒவ்வொரு செம்பும் நஷ்டம். வாங்கறவனுக்குக் கறவை மாடு வாங்க வக்கு இல்ல, ஆனா ஆசை இருக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இருக்கேன்."

அப்படித் தொடங்கியது. கறவை இனக் கன்று, கலப்பினக் கன்று, எல்லாம் வரும். பின்கட்டில் தடுப்பு போட்டு வைப்பாள். வாங்கும்போது அவள் கன்றின் நிறத்தைப் பார்ப்பதில்லை. விரலை அதன் வாய்க்குள் விடுவாள். வாய் கதகதப்பாக இருந்து, நாக்கைச் சுருட்டி இழுத்துச் சப்பினால் வாங்குவாள். வாய் சில்லென்று இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவாள். பிறகு தொப்புள் காய்ந்திருக்கிறதா, முட்டி வீங்கியிருக்கிறதா, வால் அடியில் கழிந்திருக்கிறதா. ஆனால் முதல் தீர்ப்பு விரலுக்குத்தான்.

விற்கும்போதும் விரல்தான். தாயைப் பிரிந்த கன்றுக்கு வாளியில் குடிக்கத் தெரியாது. விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்து, அது சப்பச் சப்பக் கையை மெல்ல வாளிக்குள் இறக்க வேண்டும். வாங்குகிற வீட்டில் யார் கன்றைப் பார்த்துக்கொள்வார்களோ அவர்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் வருவாள். பெரும்பாலும் அது அந்த வீட்டுக் குழந்தையாகத்தான் இருக்கும்.

ஒன்றையும் மறைக்கவில்லை, அவள் ஒன்றும் தேவதை இல்லை. விற்ற பிறகு அதே கன்றுக்கு வேறு யாராவது கூட விலை சொன்னால், "ஐயோ, அந்தப் பண்ணையில நோயாம், கன்னைத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற தரேன்" என்று சொல்லித் திருப்பி வாங்குவது இந்த வியாபாரத்தில் உள்ள வேலை. அவளும் செய்திருக்கிறாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார், அவர் வீட்டுக்காரியின் தங்கையிடம் அப்படி ஒரு கன்றைத் திருப்பி வாங்கினாள். செய்யாத வியாபாரி யார், சொல்லுங்கள்?

இந்த மழை விட்ட பிறகு ஒரே பண்ணையில், ஒரே அடைப்பிலிருந்து, இரண்டு கலப்பினக் கிடேரிக் கன்றுகள் வாங்கி வந்தாள். ஒன்றை டிரைவர் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுச் சின்னப் பெண்தான் விரலை வைத்துப் பால் கொடுக்கக் கற்றுக்கொண்டது. கூச்சத்தில் அது சிரித்த சிரிப்பை என் மருமகள் வந்து செய்து காட்டினாள். இன்னொன்று நம் வீட்டில் இருந்தது.

நம் வீட்டுக் கன்று முந்தாநாள் பால் குடிக்கவில்லை. வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. பின்னங்கால் பின்னிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தால் கத்தல் வரவில்லை, ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். கிழங்குத் துண்டு ஏதோ தொண்டையில் மாட்டிக்கொண்டது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். என் மகன் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவினாள். விரல் முட்டி பல்லில் உரசித் தோல் வழன்றது. அது அவளுக்கு ஒரு காயமா? முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லையே அத்தை. தொண்டை காலியா இருக்கு" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

நேற்றுக் காலையில் மாட்டு டாக்டர் வந்தார். தடுப்பைத் தாண்டி ஒரு கால் வைத்தவர், வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"யாரும்மா வாய்க்குள்ள கை விட்டது?"

"நான்தான்."

"முதல்ல போய்க் குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டுக் கழுவு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழுவு. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. தலையைப் பிடிச்சவரும் போகணும்."

"என்ன டாக்டர் இது?"

"வெறிநாய் நோய் மாதிரி இருக்கு. சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதி. அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஊசியை இப்பவே போட்டுக்கிட்டா பயமில்லை. நோய் வெளியே தெரிஞ்சதுக்கு அப்புறம் வைத்தியமே இல்லை." குழாயடியில் நின்றவளைப் பார்த்து அவர் கேட்டார். "இதுகூட வேற கன்னு எதுவும் வந்துச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் என் மகன், "இல்ல டாக்டர், இது ஒண்ணுதான்" என்றான்.

சோப்பு நுரை அவள் கையிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. அவள் குனிந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கன்று அன்றைக்கே செத்தது.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள், அவள் கையில் கட்டும் போட்டிருந்தது. வந்ததும் பண்ணைக்குப் போன் போட்டாள். மழைக்காலத்தில் ஒரு நாய் கன்று அடைப்புக்குள் புகுந்ததாம், அடித்துத் துரத்தினார்களாம். எந்தக் கன்றைக் கடித்தது? அது யாருக்குத் தெரியும் என்றார்களாம்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் மகன் மெதுவாகச் சொன்னான். "இப்போ வெளியே தெரிஞ்சா வித்த கன்னு எல்லாம் வாசலுக்குத் திரும்பி வரும். அப்புறம் நாம என்ன சாப்பிடறது? டிரைவர் வீட்டுக் கன்னு நல்லாத்தானே இருக்கு? ஏதாவது ஆச்சுன்னா அவங்களே டாக்டரைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாங்க தெரியுமா?" என்றாள் அவள். "வாய்க்குள்ள கைய விடுவாங்க. நாம விட்ட மாதிரி."

அவன் எழுந்து போய்விட்டான். கெட்டவன் இல்லை என் மகன். பயந்தவன். பயந்தவனுக்குக் கண் முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும்.

அவள் டிரைவர் வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அக்கா, கன்னைத் தொடாதீங்க. பாப்பாவைக் கிட்ட விடாதீங்க. இங்க இருந்த ஜோடிக் கன்னு செத்துப்போச்சு. வெறிநாய் நோயாம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"இந்தத் தடவை எவ்வளவு கூடச் சொன்னாங்க?"

"சாமி சத்தியமா..."

"என் தங்கச்சிகிட்டயும் சத்தியம்தான் பண்ணினீங்க. கன்னு கொழுகொழுன்னு இருக்கு. இதோ இப்பவும் என் பொண்ணு விரலைத்தான் சப்பிக்கிட்டு இருக்கு. கேக்குதா?"

கேட்டது. பின்னால் ஒரு குழந்தை கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல் சிரித்துக்கொண்டிருந்தது. போன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை.

டாக்டருக்கும் போன் போட்டுப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ போயிருந்தார். ஆபீஸில் இருந்தவன், நாளை மறுநாள் ஆள் அனுப்புகிறோம் என்றான்.

"நாளை மறுநாள்னா அதுக்குள்ள எத்தனை வேளைப் பால் அத்தை?" என்று என்னைக் கேட்டாள். நீ போகாதே, உனக்கே உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் சொன்னேன். இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பெற்ற மகளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரவெல்லாம் அவள் படுக்கவில்லை. தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்றேன், கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு வாய் விழுங்கிவிட்டு நின்று, தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க நானும் என் தொண்டையைத் தொட்டுக்கொண்டேன்.

காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சும்மா போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க அத்தை. ஊசி போட்ட சீட்டைக் காட்டினாலும் தந்திரம்னுதான் சொல்லுவாங்க. லாபம் பாக்கறவ செய்யாத ஒண்ணைச் செஞ்சாத்தான் நம்புவாங்க."

"என்ன செய்யணும்?"

கொல்லைக் கோடியில், கன்றுத் தடுப்பிலிருந்து தள்ளித் தனியாகக் கட்டியிருந்த சினைக் கிடேரியைப் பார்த்தாள். இந்த மாதம் கன்று போட வேண்டியது. எத்தனை பேர் வந்து கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது. வீட்டுக்கென்று ஒரே கறவையாக ஆகப்போவது அதுதான். அது என்னுடையது. என் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. தையற்காரிக்குத் தெரியாத விஷயம் இது.

"இதைக் குடுத்து அந்தக் கன்னைக் கேக்கப்போறேன். பால்குடிக் கன்னுக்குச் சினை மாடு குடுக்கற வியாபாரி உலகத்துல இருக்காளா? அப்போ நம்புவாங்க. நம்பினா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க."

"அந்தக் கன்னை என்ன பண்ணுவ?"

"தனியாக் கட்டிப்போட்டு, டாக்டர் வர்ற வரைக்கும் யாரும் தொடாம நானே காவல் இருப்பேன். எனக்குத்தான் ஊசி போட்டாச்சே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து போய் முளையிலிருந்த முடிச்சை நானே அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகிக் கிடந்தது, நகம் பெயர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு என் மகன் வந்தான். வாசலை மறித்து நின்றான்.

"பைத்தியமா உனக்கு? எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டு வந்து நடுத்தெருவுல நிக்கப்போறியா? அம்மா, நீயாவது சொல்லேன்!"

"வழிய விடுடா" என்றேன்.

"அம்மா!"

"மாடு என்னுது. வழிய விடு."

அவன் நகரவில்லை. அவள்தான் நடந்தாள். கட்டுப் போட்ட கையை உடம்போடு ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கயிற்றோடு நேராக அவனை நோக்கிப் போனாள். தொட்டுவிடப்போகிறாளோ என்று அவன் சட்டென்று ஒதுங்கினான். தன் மனைவியைப் பார்த்து அவன் அப்படி ஒதுங்கியதை அவள் கவனித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வயிறு அசைய அசைய வந்த கிடேரியை இழுத்தபடி வெளியே இறங்கினாள்.