மூன்றாம் தரப்பில் ஒரு டீ வண்டி

“வானத்துல இருந்து எது வேணா விழட்டும். ‘என் தப்புதான்’னு என் வாயில இருந்து ஒரு வார்த்தை விழாது!”

ஏவுதள அனுமதி அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் நெடுநாள் நாற்காலி தேய்த்த மகான் ஒருவர், தமது பதவி உயர்வு விருந்தில் தம்ளரை உயர்த்திப் பிடித்தபடி அருளிய வாக்கு இது. அரசாங்கத்தைத் தாமே காப்பாற்றிவருவதாக நம்பியதால் அவருக்குக் ‘கவசம்’ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

கவசத்தின் தொழில் இதுதான். தனியார் கம்பெனி ராக்கெட் விடுகிறது. அது கோணிக்கொண்டு யார் தலையிலாவது இறங்கினால் நஷ்ட ஈடு கொடுக்க, ஓர் அளவுவரை கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். அதையும் தாண்டிச் சேதமானால் அரசாங்கம் தன் மடியை அவிழ்க்கும். இந்தச் சலுகையெல்லாம் சிவனே என்று சும்மா இருந்த வெளியாருக்குத்தான். சட்டம் அவர்களை ‘மூன்றாம் தரப்பு’ என்று மரியாதையாகச் சொல்லும். ராக்கெட் வேலையில் கைவைத்தவர்களோ, ‘உன் சேதம் உன்னோடு, என் சேதம் என்னோடு, யாரும் யார்மேலும் வழக்குப் போடமாட்டோம்’ என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கையெழுத்துகளை வாங்குவது கவசத்தின் பொறுப்பு. வாங்கினார். வாங்கிக்கொண்டே இருந்தார். எரிபொருள் டாங்கி கட்டியவரிடம் வாங்கியது கடமை. வாசலில் செருப்புத் தைப்பவரிடமும், முகவரி விசாரிக்க நின்ற தபால்காரரிடமும் வாங்கியது தொண்டு. மூன்றாம் தரப்பு குறையக் குறைய அரசாங்கத்தின் பாரம் குறையும் என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். மூன்றாம் தரப்பே இல்லாத பூமி ஒன்று அவர் கனவில் அடிக்கடி வந்தது.

அவர் மனைவி அதே வாசலுக்கு எதிரே, சாலையோரம் வண்டி போட்டு டீயும் முட்டை ரொட்டியும் விற்றுவந்தார். குடும்பம் அந்த வண்டியில்தான் ஓடியது. கவசத்தின் சம்பளம் அவருடைய கம்பீரத்துக்கே சரியாகப் போயிற்று. ஒரு நாள் கூட்டம் நெரிக்கிற நேரமாகப் பார்த்துக் காகிதத்தை நீட்டினார்.

“என்னங்க இது?”

“சும்மாதான். நம்ம ஆளுங்க உங்கிட்டதானே டீ குடிக்கிறாங்க? அப்ப நீயும் ராக்கெட் வேலையில சேர்த்தி.”

“நான் எங்கங்க ராக்கெட் விட்டேன்? டீதானே ஆத்துறேன்?”

“போடும்மா. புருஷன் கேட்டா போடக்கூடாதா?”

முட்டை கருகிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டார்.

பக்கத்து நிலத்தில் வாத்து வளர்த்த மனைவியின் தம்பி மட்டும் மசியவில்லை. “எங்க அக்காவையே குடுத்தாச்சு மாமா. கையெழுத்து வேறயா?”

அந்த வாரமே கிளம்பிய ராக்கெட், போவதா வேண்டாமா என்று நடுவானில் யோசித்தது. அதன் தடுமாற்றத்தைக் காணப் பொறுக்காமல் பாதுகாப்பு அதிகாரி அதை அங்கேயே வெடிக்கச் செய்தார். ஜனங்களை முன்பே தடுப்புக்கு அப்பால் அனுப்பியிருந்ததால் யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் சாலை முழுக்க இடம் காலியாகக் கிடக்க, பெரிய துண்டு ஒன்று டீ வண்டிமேல் வந்து உட்கார்ந்தது. வண்டி அப்பளமாயிற்று.

இன்சூரன்ஸ் சர்வேயர் அம்மாள் வந்தார். பயந்துபோய் முட்டையிடுவதை நிறுத்திவிட்ட வாத்துகளைப் பரிவோடு விசாரித்து இழப்பீடு எழுதினார். டீ வண்டிக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

“இவங்களும் ராக்கெட் வேலையில ஒரு தரப்புன்னு கையெழுத்து போட்டிருக்காங்களே. அவங்க சேதம் அவங்களோட.”

தம்பி கைகூப்பினான். “வாத்துக்கு இருக்கிற உரிமை எங்க அக்காவுக்கு இல்ல. ரொம்ப சந்தோஷம் மாமா.”

மனைவி திட்டவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நசுங்கிய டீ கெட்டிலை ஒரு கல்லால் தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“நாளையிலேர்ந்து யார் வீட்லயாவது பாத்திரம் கழுவப் போறேன். அதுக்கும் கையெழுத்து ஏதாவது உண்டுன்னா இப்பவே கொண்டாங்க.”

வெடித்த ராக்கெட்டைப் பற்றி அலுவலகம் நடத்திய விசாரணை நாளன்று கவசம் மூன்று குற்றவாளிகளைத் தயாராக வைத்திருந்தார்: காற்று, கம்பெனி, வண்டியை அங்கே நிறுத்திய பெண்மணி. பின்வரிசையில் அந்தப் பெண்மணி, மடியில் கெட்டிலோடு உட்கார்ந்திருந்தார். அதன் மூக்கு இன்னும் கோணலாகவே இருந்தது.

மேலதிகாரி காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “ரோட்டுல டீ விக்கிறவங்களை ராக்கெட் வேலையில சேர்த்தது யாருங்க?”

கவசம் காற்றைப் பற்றி ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். கோணல் மூக்கு கண்ணில் பட்டது. வாயை மூடினார். மறுபடியும் திறந்தார்.

“அவங்க சேர்த்தி இல்ல சார். வெளியாள்தான். நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“அப்ப இந்தச் செருப்பு தைக்கிறவரு? தபால்காரரு? எல்லாத்தையும் மறுபடி பாக்கணுமே! உங்க புது நாற்காலி என்னாகும்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“இதுக்கெல்லாம் என்ன சொல்றீங்க?”

கவசம் தம் சட்டைப் பொத்தானைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல.”

“என் தப்புதான்” என்றார் கவசம். அப்போதும் முன்வரிசை வரைக்கும்தான் கேட்டது. பின்வரிசையில் கெட்டிலின் மூடியைத் திறந்து, அது சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் மனைவி.