கண்ணாயி காட்டில் அமைதி அளந்த கதை

சத்தம் போட்டால்தான் சோறு என்று வாழ்கிறவளிடம் போய் அமைதியைக் கேட்டால் அவள் எதைக் கொடுப்பாள்?

கொல்லிமலை அரியூர் நாட்டுக் கண்ணாயிக்கு இருந்தது ஒரு சரிவுக் காடு, அதில் மரவள்ளி. பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றிகள் இறங்கிக் கிழங்கைக் கிண்டும். அவள் தகர டப்பாவைத் தட்டுவாள்; அவை திரும்பிப் போகும். ஒரு வருஷத்துச் சாப்பாடு அந்த டப்பாவை நம்பித்தான் மண்ணுக்குள் இருந்தது.

எங்கோ கடலோரத்தில் ராக்கெட் விடுகிறார்கள். அந்தச் சத்தம் பக்கத்து ஊர்க்காரர்களை என்ன செய்கிறது என்று ஓர் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்கச் சத்தமே இல்லாத ஊர் ஒன்று வேண்டுமாம். ரயிலும் ஆலையும் இல்லாத இடமாகப் பார்த்துக் கொல்லிமலைமேல் விரல் வைத்தார் அதிகாரி நவநீதகிருஷ்ணன். வரைபடத்தில் பன்றிகளைப் போடும் வழக்கம் இல்லை.

கண்ணாயியின் பலாமரத்தில் சத்தம் அளக்கும் கருவியைக் கட்டினார். முதல் மாலையே எண்கள் எகிறின.

“அம்மா, கொஞ்ச நாளைக்குத் தட்டாம இருங்க.”

“இருக்கலாமுங்க. பன்னிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்.”

“சத்தமில்லாத ஊருன்னு மேலே எழுதிக் குடுத்துட்டேன்மா.”

“அப்ப அந்த ஊருக்கே போங்க சாமி.”

அவர் கேள்வித்தாளை எடுத்தார். சத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்டார்.

“சத்தம் நின்னாத்தானுங்க கெடும்.”

அந்தப் பதிலுக்குத் தாளில் கட்டம் இல்லை.

சேவல்களைக் கூடைபோட்டுக் கவிழ்க்கச் சொன்னார். பஸ் ஹாரன் அடிக்கக் கூடாதென்றார். மலை வளைவில் ஹாரன் அடிக்காத டிரைவரைப் பள்ளத்தில்தான் தேட வேண்டும். அவர் சொன்னது எதுவும் நடக்கவில்லை. “கருவியைக் காலையில கழட்டிட்டுப் போயிடறேம்மா” என்று ஒருநாள் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அறிவுக்காக அடுத்தவர் வெள்ளாமையைக் கேட்க வெட்கப்படாத மனிதர், தோற்றதற்கு வெட்கப்பட்டார்.

அன்று மாலையும் பன்றிகள் இறங்கின. கண்ணாயி டப்பாவோடு வந்தாள். மரத்தில் கருவியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது; பாறையில் அவர் தலை குனிந்தபடியே இருந்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கிழங்கு ஒடியும் ஓசை மட்டும் கேட்டது.

விடிந்தபோது பாதிக் காடு கிண்டிக் கிடந்தது. ‘இயற்கையிலேயே அமைதியான ஊர்’ என்று எழுதிக்கொண்டு நவநீதகிருஷ்ணன் மலை இறங்கினார்.

ஏன் தட்டவில்லை என்று பக்கத்துக் காட்டுப் பாப்பாயி கேட்டாள்.

“கெடக்கறதைப் பொறுக்கலாம், கூடையை எடுடி” என்றாள் கண்ணாயி.