பைபிளம்மா சொன்ன முடிவுகள்

"எக்கா, உங்களாலயாக்கும் சந்தையில சண்டை" என்றபடி பைபிளம்மா எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்ற காலைவேளை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அவர் குடையிலிருந்து ஆனிச் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவர், சபை ஊழியக்காரி. எழுத்தறியாத பெண்களுக்கு வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டுவார். அது முடிந்ததும், ஜெபத்துக்கு முன், சபையின் பழைய மாதப் பத்திரிகைகளிலிருந்து கொஞ்சம் தொடர்கதையும் வாசிப்பார். அந்தக் கதையை எழுதியவள் நான். அதைப் பாதியில் நிறுத்தி அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.

நிறுத்திய காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதையில் வரும் சிறுமிக்குக் காய்ச்சல் கண்டு, வைத்தியர் கைவிரித்துவிட்டார் என்று எழுதி அனுப்பியிருந்தேன். அந்த இதழ் வீட்டுக்கு வந்த வாரமே என் மகள் படுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இருபத்தொரு நாள் காய்ச்சல். பிழைத்தாள். ஆனால் உடம்பு தேறியபின் ஒருநாள் இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. அந்தக் காது போயிருந்தது. அன்றைக்கே பேனாவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பெண்பள்ளியில் நான்கு வருஷம் பாடம் சொன்னவள் தான் எழுதியதுதான் பலித்தது என்று நம்பலாமா? நம்பினேன்.

கதை கேட்டுவந்த பெண்கள் அது நின்ற இடத்தோடு விடவில்லையாம். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஓலை முடைந்த கையோடு பைபிளம்மாவை மறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் பார்த்து, கடைசியில் அவரே ஒரு முடிவைச் சொல்லியிருக்கிறார். அதுவும் ஒன்றல்ல. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் பிள்ளை பிழைத்துவிட்டது. திருவட்டாற்றுப் பக்கத்தில் செத்து மோட்சம் போய்விட்டது. கருவாடு விற்க வந்தவளும் மரச்சீனிக் கிழங்கு விற்க வந்தவளும் சந்தையில் பேசிக்கொண்டபோது, கூடைகளை இறக்கிவைத்துச் சண்டை போடும் அளவுக்கு அது முற்றிவிட்டது.

"ஏன் ரெண்டு விதமா சொன்னிய?" என்றேன்.

"அழப் பிரியப்பட்டவங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு. ஒரு வீட்டுல அதுக்குக் கல்யாணமே முடிச்சு வச்சிட்டேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "வேதம் தூக்குத கையோட பொய் சொல்லிப்போட்டேன், எக்கா. சரியானதை நீங்க எழுதித் தாங்க."

அப்போதுதான் காரணத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணினார்.

"திருவட்டாறு பக்கம் பதினோரு வீட்டுல அந்தப் பிள்ளையை நான் கொன்னிருக்கேன். போன மாசங்கூட ஒரு வீட்டுல. உங்களுக்க மகள் நேத்து மாமரத்துல கேறி நின்னதை நான்தானே பாத்தேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் அழுதேன்.

அன்று மதியமே எழுத உட்கார்ந்தேன். பேனாவின் முள் துருவேறிப் போயிருந்ததால் மகளின் பென்சிலை எடுத்துக்கொண்டேன். சிறுமி பிழைக்கிறாள், ஒரு காது கேட்காது என்ற வரிக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. எழுதி முடித்ததும் பைபிளம்மா என்னைச் சும்மா விடவில்லை. தான் சொன்ன பொய்யைத் திருத்தப் பதினோரு வீட்டுக்கும் கூடவே இழுத்துப் போனார். ஒரு வீட்டில் மட்டும் ஒருத்திக்குக் கோபம்.

"அப்பம் நான் அழுததெல்லாம்?"

"அதை அடுத்த கதைக்கு வச்சுக்க, மக்கா" என்றார் பைபிளம்மா.

அடுத்த கதை. அப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

இப்போது என் மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் போய், நாகர்கோவிலில் விடுதியில் இருக்கிறாள். எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இல்லை. கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் ஒரு குழந்தை சாகவேண்டும். கதை அதைத்தான் கேட்கிறது. கடிதம் வரட்டும், பிறகு எழுதலாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இன்று காலை தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். உள்ளே வந்து உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.