உப்பு பார்க்காத சமையல்

பாத்திரம் கருகும் நாற்றம் வாசல் வரை வந்தது. உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் வற்றிக் கரியாகியிருந்தது. பக்கத்து அறையில் அப்பா நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு என்ன அடைச்சிருக்கா அப்பா?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் குரல்தான் வரும், யோசனை பிறகுதான்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். போன வருஷம் வந்த காய்ச்சலோடு மணம் போய்விட்டதாம். மணம் போனதும் ருசியும் போயிற்றாம். இத்தனை நாளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்பா தேகண்டக்காரர். கல்பாத்தி அக்ரஹாரத்தில் கல்யாணம், திவசம் என்று வீடு வீடாகப் போய்ச் சமைப்பவர். எழுபத்தெட்டு வயது. நான் ஐம்பதிலேயே வங்கி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, போதுமடா சாமி என்று வந்து உட்கார்ந்தவள். வந்த இரண்டு வருஷமாக அவரையும் உட்காரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"மணமும் தெரியல, ருசியும் தெரியல. இன்னும் எதுக்குப்பா? ஆத்துல இருங்கோளேன்."

"ஆத்துல இருந்தா நேக்கு சாதமும் ஒண்ணுதான், உமியும் ஒண்ணுதான், கேட்டயா?" என்றார். "நாலு பேர் சாப்படறச்சே அவா முகத்தைப் பாக்கறேன். அப்போதான் புளின்னா இப்படி, நெய்னா இப்படின்னு ஞாபகம் வரது. அதையும் விடச் சொல்றியா?"

எனக்குக் கோபம் போய்விட்டது. பயம்தான் வந்தது. மறுநாளே நாலு வீடு தள்ளி ஒரு திவசச் சமையல் இருந்தது.

கல்யாணச் சமையல் என்றால் யாராவது ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்லிவிடலாம். திவசச் சமையலை, இலையில் அமர்ந்த பிராமணர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. கைப்பழக்கத்தையும் எழுந்து வரும் மணத்தையும் வைத்துத்தான் எல்லாம். ஒரு வீட்டுத் திவசத்தைக் கெடுத்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அப்பாவை யார் கூப்பிடுவார்கள்?

காய் நறுக்க என்று சொல்லிக்கொண்டு நானும் மடிப்புடவை கட்டிக்கொண்டு கூடவே போனேன். பாயசம் அடிப்பிடிக்கும் வாடை லேசாக வந்ததும் கரண்டியை வாங்கிக் கிளறினேன். எள் வறுபட்டதும் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைக் கண்டுகொள்ளாமல், கை அளவிலேயே உப்பை அள்ளிப் போட்டபடி ஒவ்வொரு பாத்திரமாக நகர்ந்தார்.

எரிசேரிக்கு, அந்த வாழைக்காய்க் கூட்டுக்கு, உப்பு போட்டாரா? நான் பார்க்கவில்லை. எள்ளை இறக்கிக்கொண்டிருந்தேன். கேட்காதே, கேட்காதே என்று சொல்லிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அப்பா, எரிசேரிக்கு உப்பு போட்டேளா?"

அவர் கை நின்றது. எரிசேரியைப் பார்த்தார், உப்புச் சாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை.

"போட்டேனே... போடலையோ?" என்றவர், ஒரு கை அள்ளிப் போட்டார்.

திவசத்தில் அமர்ந்தவர்கள் சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக் கூடாது. இருவர் அமர்ந்திருந்தார்கள். அப்பா கதவோரம் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் எரிசேரியை வாயில் வைத்த கையோடு தண்ணீரை எடுத்தார். மற்றவர் அதை இலையோரம் ஒதுக்கினார். அப்பா மெல்ல அடுக்களைக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள். கடைசியில் எங்களுக்கு இலை போட்டார்கள். எரிசேரி ஒரே கரிப்பு. முகம் மாறாமல் மென்றேன். எதிர் இலையிலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரம் போட்டுட்டேன், இல்லையா?"

"நான்தாம்ப்பா கேட்டுக் கெடுத்தேன். நீங்க சரியாத்தான் போட்டிருந்தேள்."

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அவர் போன் அடித்தது. தெருக்கோடி மாமி. அமாவாசையன்று அவர்கள் வீட்டில் திவசமாம்.

"வேற ஆளைப் பாத்துக்கோங்கோ. நேக்கு வயசாயிடுத்து," என்றார் அப்பா.

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் இரண்டு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி மூன்று வேளையும் அவர் என் எதிரில் உட்கார்ந்து, நான் சமைத்ததை உமி மாதிரி மென்று விழுங்குவார். சமைக்க எழுந்து போக அவருக்கு ஒரு வீடு இருக்காது.

போனைப் பிடுங்கினேன். "அப்பா வருவார் மாமி. கூட நானும் வரேன்."

அப்பா என்னை முறைத்தார். "நீ வந்தா உப்பு போட்டேளான்னு கேப்பே."

"கேக்க மாட்டேன்."

அவர் நம்பவில்லை. அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் அன்றைக்கு ராத்திரிச் சமையலிலிருந்தே, உப்பைப் பற்றிக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகத் தொடங்கினேன்.