எட்டணாப் பங்கு

வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பும்போது, "மிட்டாய் வாங்கிக்கோ" என்று உங்கள் கையில் காசைத் திணித்தால் நான் விடுவதில்லை. திருப்பிக் கொடுக்க வைத்துவிடுவேன். போன பொங்கலுக்கு உங்கள் பெரிய மாமா கொடுத்ததையும் அப்படித்தான் செய்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நீங்கள் இருவரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். "இந்த பிளாக்குலேயே பெரிய கஞ்சன் நம்ம அப்பாதான்" என்று சின்னவள் அடுப்படியில் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது.

கஞ்சன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சம்பளம் வந்தால் செலவழிக்க எனக்குக் கை வராது. அறுந்த செருப்பையே தைத்துத் தைத்துப் போடுவேன். ஆனால் அடுத்தவர் கொடுக்கிற காசை உங்களை வாங்க விடாதது வேறு சங்கதி. அதை ஒரு தடவையாவது உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கு நிலக்கரிச் சுரங்கத்தின் பெரிய பள்ளம் இருக்கிற இடத்தில்தான் எங்கள் ஊர் இருந்தது. எங்களுக்கு அங்கே ஒரு குடிசை. குடிசை எங்களுடையது, அது நின்ற மண் நிலக்காரருடையது. அவரை எங்கள் ஆட்கள் ஆண்டை என்றுதான் கூப்பிட வேண்டும். என் அப்பாவும் தாத்தாவும் ஆண்டையின் நிலத்திலேயே உழைத்தவர்கள். கூலியென்று காசைக் கண்டதில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் சாக்கோடு போய் நிற்போம். மரக்காலால் அளந்து போடுவார்கள். அளந்து முடிந்தவுடன் ஒரு பிடி நெல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொலி" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் களத்தை விட்டு இறங்க வேண்டும். பொலி சொல்லிவிட்டால் பங்கு தீர்ந்தது. அதன்பிறகு குறைகிறது, பற்றாது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பொலி சொல்கிற வேலை என்னுடையது. என் குரல் கணீரென்று இருக்கிறது என்று அம்மாவுக்குப் பெருமை.

நிலக்கரிக்காக நிலமெல்லாம் சர்க்கார் கைக்குப் போயிற்று. ஆண்டைக்கு நிலத்துக்கான பணம் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று அப்பா சாக்கை எடுத்து உதறினார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரூபா வாங்கறதுக்குச் சாக்கு எதுக்கு? மடியில முடிஞ்சுகினு வந்தா ஆவாதா?"

"நெலத்து மேல வர்றது எதுவானாலும் சாக்கோட போய் நின்னாத்தான் பங்கு. வெறுங்கையோட போனா பிச்ச கேக்கறாப்புல ஆயிடும்," என்றார் அப்பா.

அந்தப் பணம் எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குடிசையைப் பிரிக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து ஊரான வடக்குத்தில் ஓரமாக ஒரு துண்டு மனையை அப்பா பேசி வைத்திருந்தார். பங்கு வந்தால் மனைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மூங்கிலும் கீற்றும் வாங்கி, மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம். அம்மா சட்டிபானைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, என் தங்கையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

நானும் அப்பாவும் போனபோது ஆண்டை வீட்டு வாசலில் மாட்டுவண்டிகளில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பண்ருட்டிப் பக்கம் அவர் நிலம் வாங்கிவிட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கின் வாயை விரித்துப் பிடித்து, களத்தில் நிற்பது போலவே நின்றார்.

ஆண்டை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா இது? ரூபாய மரக்கால்ல அளந்து போடணுமா?"

வண்டிமேல் நின்றிருந்த அவருடைய மருமகன், "குவிச்சு அளக்கணுமா, தல தட்டி அளக்கணுமான்னு கேளுங்க மாமா" என்றான். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

"களத்துப் பங்குங்க ஆண்டே," என்றார் அப்பா.

"களமே போயிடுச்சு, களத்துப் பங்கு எங்கேர்ந்து வரும்? சர்க்காரு காகிதத்துல எம் பேரு இருந்துச்சு, எனக்குக் குடுத்தாங்க. உம் பேரு இருக்குதா அதுல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டார்.

"நெல்லுல எம் பேரு எழுதியாங்க இருந்துச்சு? வருசா வருசம் அளந்தீங்களே."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வண்டிக்காரர் கயிற்றை இறுக்குவதை விட்டுவிட்டு ஆண்டையின் முகத்தையே பார்த்தார். ஆண்டையின் கை மடியிலிருந்த பணப்பைக்குப் போயிற்று. கொடுத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்குள் போன கை வெளியே வரச் சற்று நேரமாயிற்று. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"டேய், இங்க வா. புள்ள வெயில்ல நிக்குது பாரு. இந்தா, மிட்டாய் வாங்கித் துன்னு."

எட்டணா. முழு எட்டணாவை அதற்கு முன் நான் கையில் பிடித்ததில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பொலி!" என்றேன்.

ஆண்டை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பணப்பையை மடியில் செருகிக்கொண்டார்.

"கேட்டியாடா? உம் மவனே பொலி சொல்லிட்டான். போங்க, பொழுதோட போய்ச் சேருங்க."

பொலி சொன்ன பிறகு வாய் திறந்தவர் எங்கள் ஆட்களில் கிடையாது. அப்பா சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் கடையில் அந்த எட்டணாவுக்கும் நான் பொரியுருண்டை வாங்கினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை.

வடக்குத்து மனை வேறு யாருக்கோ போயிற்று. அந்த வருஷத்து மழையை ரோட்டோரத்தில் சாக்குப் படுதாவுக்கு அடியில் கழித்தோம். தங்கைக்கு வந்த இருமல் கடைசிவரை அவளை விடவில்லை. அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக, தான் உழுத மண்ணையே வெட்டிக் கொட்டினார். கூலி நாளில் வாங்கிய பணத்தை இருட்டுவதற்குள் தீர்த்துவிடுவார். அம்மா சண்டை பிடித்தால், "நெல்லுன்னா மூடி வெக்கலாம், மொளைக்கும். இத்த வெச்சுகினு இன்னா பண்றது?" என்பார். நான் அவருக்கு நேர் எதிர். அதே சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு காசையும் மூடித்தான் வைக்கிறேன். ஒன்றும் முளைத்துவிடவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது புளியமரத்தடியில் எங்களைப் போலவே மூட்டையும் முடிச்சுமாக இன்னும் சில குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. அப்பாவுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத் தாங்களும் போகலாம் என்று காத்திருந்தவர்கள்.

"இன்னா ஆச்சு? பங்கு வந்துச்சா?" என்றாள் அம்மா.

அப்பா சாக்கைத் தரையில் போட்டார். என் தலைமேல் கையை வைத்தார்.

"வந்துச்சு. இவந்தான் வாங்கிகினு வந்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு பொரியுருண்டை கொடுத்துக்கொண்டே போனேன். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பெரியவர்கள் ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை. அவர்களுக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.