புது ஊசி

குற்றாலத்தில் சீசன் கூட்டம். அருவிக்குப் போகும் வழியில் பச்சை குத்துகிறவர், ஒருவருக்குக் குத்திய ஊசியைக் குவளைத் தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். வரிசையில் நிற்கும் என் கையை, பக்கத்து ஊரான சுரண்டையிலிருந்து வந்த ஒருவர் பிடிக்கிறார். அவர் முன்கையில் பச்சை குத்திய மகள் பெயர்.

“போன சீசன்ல இங்கனதான் குத்திக்கிட்டேன் அண்ணாச்சி. துபாய் வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுத்தப்ப, ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்குன்னு தள்ளிட்டாங்க. புது ஊசி பிரிச்சாத்தான் குத்தணும்.”

“அவர்ட்ட சொன்னீங்களா?”

“தெனமும் வந்து சொல்லுதேன். சிரிக்காரு.”

நான் விலகுகிறேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடமும் அவர் அதையே சொல்கிறார்.

“குடிச்சுட்டு உளறுதான். நீ உக்காரும்மா,” என்கிறார் பச்சை குத்துகிறவர்.

சுரண்டைக்காரரிடம் குடித்த வாடையே இல்லை. அந்தப் பெண் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள்.