கோலாக் கொட்டையும் ரஞ்சியின் தாகமும்

கடை வைச்சிருக்கிற உங்களுக்குத் தெரியும், சாமான் விக்கிறது பாதி வேலை, சனத்தின்ர கதை கேக்கிறது மிச்சப் பாதி. லண்டன் நோர்பரியில எங்கட பலசரக்குக் கடையில, நைஜீரியா, கானாச் சனத்துக்காக, அவை சப்புற கோலாக் கொட்டையும் வைச்சிருக்கிறம்.

கத்தி

முதல் பெட்டி வந்த அண்டு, பாக்கு மாதிரித்தானே எண்டு ஒரு கொட்டையைச் சீவித் தட்டில அடுக்கி வைச்சன். பஸ் ஓட்டுற எமேக்கா, நைஜீரியாக்காரர், தட்டைப் பாத்திட்டு என்ர பக்கம் தள்ளி வைச்சார். கோலாவைக் கையாலதான் பிரிக்கவேணுமாம், வாழ்த்துச் சொல்லித்தான் பங்கிடவேணுமாம். எனக்கெண்டால் வெக்கமாய்ப் போச்சு. எமேக்கா சிரிச்சுக்கொண்டு சொன்னார்:

"வெட்டினதை நீயே சாப்பிடு. எனக்கு முழுசாய்த் தா."

ஆம்பிளைத் தாகம், பொம்பிளைத் தாகம்

ஒரு துண்டைக் கன்னக் கொடுப்புக்குள்ள வைச்சால் ஷிப்ட் முடியுமட்டும் தாகமே வராது எண்டு எமேக்கா ஒருநாள் பெருமையடிச்சார். தலைமயிர் பின்னுற கானாப் பொம்பிளை கிரேஸ் சிரிச்சா. தனக்கெண்டால் தொண்டை வறளுமாம், ஆனால் பிறகு குடிக்கிற பச்சைத்தண்ணி இனிக்குமாம்.

இது ஆம்பிளைக்கு ஒரு மாதிரி, பொம்பிளைக்கு வேற மாதிரியோ எண்டு ரண்டுபேரும் வாதாட, நான் கண்ணாடியில வழியிற மழையைப் பாத்துக்கொண்டு எங்கேயோ போயிட்டன். என்ர மனிசி ரஞ்சிக்குச் சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ். ஒரு நாளைக்கு மூண்டு கப் தண்ணிதான். லண்டன் முழுக்கத் தண்ணி, அவவுக்கு மட்டும் மூண்டு கப். இந்தக் கொட்டை அவவின்ர தாகத்தை ஆத்துமோ எண்டு கிரேஸிட்டக் கேட்டன்.

"ஆம்பிளையளுக்குத் தாகம் போகுதோ, மறந்து போகுதோ, ஆர் கண்டது? முதல்ல நேர்ஸைக் கேள்."

முழுக் கிளாஸ்

நேர்ஸ் கூடவே கூடாது எண்டிட்டா. எனக்கு அழுகை வந்தது. சரி, அவவால ஏலாட்டி நானாவது அவவோட தாகமாய் இருப்பம் எண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோலாவைச் சப்பிக்கொண்டு மூண்டு கப்போட நிண்டன். எமேக்கா சொன்னது எனக்குப் பலிக்கேல்லை. பின்னேரம் நாக்கு மேலண்ணத்தில ஒட்டிப் போச்சு.

ரஞ்சி என்ர வாயைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா. எழும்பிப் போய், குழாயைத் திறந்து, ஒரு கிளாஸ் நிரப்பிக்கொண்டு வந்து என்ர கையில தந்தா. ஒரு வாய் குடிச்சன். கிரேஸ் சொன்னது உண்மைதான், அப்பிடி இனிச்சுது. நான் கிளாஸைக் கீழ வைச்சன். அவ எனக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"முழுக்கக் குடியுங்கோ. எப்பிடி இனிக்குதெண்டு எனக்கு ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

கோலா தாகம் தீர்க்குமோ எண்டு கடையில ஆரும் கேட்டால், ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டதை விட்டிட்டு, வீட்டில ஆர் தாகத்தோட இருக்கினம் எண்டுதான் இப்ப நான் விசாரிக்கிறன்.